பணமா, கொடையா? மகிழ்ச்சி ஆய்வுகள் உண்மையில் சொல்வது

"பணம் மகிழ்ச்சி தராது" என்று ஒரு செய்தி வரும். கொஞ்ச நாள் கழித்து, "வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடுகிறது: ஆய்வில் தகவல்" என்று இன்னொன்று. மார்ச் மாதம் பிறந்தால் உலக மகிழ்ச்சி அறிக்கை. பின்லாந்து முதலிடம், இந்தியா நூறைத் தாண்டி எங்கோ கீழே. இதற்கு நடுவில், "அடுத்தவருக்குக் கொடுப்பவர்களே சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று வாட்ஸாப்பில் ஒரு படம் சுற்றும். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். எதை நம்புவது?

இவற்றில் பல செய்திகள் பொய் இல்லை. ஆனால் வெவ்வேறு பொருளை அளந்த ஆய்வுகளை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறார்கள். "பணம் வேண்டாம், சேவை போதும்" என்று உருப்படியான எந்த ஆய்வும் சொல்லவில்லை. பணம் மகிழ்ச்சி தருகிறது, இல்லாதவருக்கு நிறையவே தருகிறது. பிறருக்கு உதவுவதும் தருகிறது, ஆனால் சில நிபந்தனைகளோடு. தலைப்புச் செய்தியில் விட்டுப்போவது அந்த நிபந்தனைகள்தான்.

## மகிழ்ச்சி என்று எதை அளக்கிறார்கள்?

ஆய்வாளர்கள் இரண்டு அளவைகளைப் பயன்படுத்துகிறார்கள்.

1. வாழ்க்கை மதிப்பீடு. 0 முதல் 10 வரை படிகள் உள்ள ஏணியை நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள். உச்சிப் படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமான வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அமெரிக்க ஆய்வாளர் ஹாட்லி கான்ட்ரில் வகுத்த கேள்வி இது.

2. அன்றாட உணர்வு. நேற்று சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, கோபம் வந்ததா, இந்த நிமிடம் எப்படி இருக்கிறீர்கள் என்பது போன்ற கேள்விகள்.

இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று தோன்றும். அப்படி இல்லை. புதிதாகக் கடை திறந்திருப்பவரைக் கேட்டால் ஏணியில் எட்டாம் படி என்பார்; நேற்று முழுக்கக் கவலையா என்றால் அதற்கும் ஆமாம் என்பார். இரண்டு பதிலும் உண்மை.

உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசை முதல் கேள்வியை மட்டும் வைத்துப் போடப்படுகிறது. ஒரு நாட்டு மக்கள் மூன்று ஆண்டுகளில் சொன்ன படிகளின் சராசரி, அவ்வளவுதான். வருமானம், ஆரோக்கியமான ஆயுள், ஆபத்துக்குத் துணை நிற்க ஆள் இருப்பது, சொந்தமாக முடிவெடுக்கும் சுதந்திரம், கொடை மனம், ஊழல் பற்றிய எண்ணம் என்று ஆறு காரணிகளைக் கூட்டி மதிப்பெண் போடுகிறார்கள் எனப் பலர் நினைக்கிறார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் கூட இப்படித்தான் சொல்கிறார்கள். அது தவறு. அந்த ஆறும், சராசரி ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது என்பதை விளக்கப் பிற்பாடு பயன்படுபவை. 2025 அறிக்கையில் பின்லாந்து தொடர்ந்து எட்டாவது முறையாக முதலிடம். 147 நாடுகளில் இந்தியா 118.

ஆகவே "இந்தியர்கள் சிரிப்பதில்லை" என்று அந்தப் பட்டியலுக்குப் பொருள் கிடையாது. தங்கள் வாழ்க்கையை எந்தப் படியில் வைக்கிறார்கள் என்பதே அதில் இருப்பது.

## பணத்தின் கணக்கு

1974-ல் பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் ஒரு முரணைக் காட்டினார். ஒரே நாட்டுக்குள் பார்த்தால் வசதியானவர்கள் ஏழைகளைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கா முழுவதும் பணக்கார நாடாக ஆன பல ஆண்டுகளில் அந்நாட்டின் சராசரி மகிழ்ச்சி சேர்ந்து உயரவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தே நாம் நம் நிலையை மதிப்பிடுகிறோம், எல்லாருக்கும் கூடினால் யாருக்கும் கூடியதாகத் தெரியாது என்பது அவர் தந்த விளக்கம். இந்த முரண் உண்மையில் இருக்கிறதா என்ற சண்டை பொருளியலாளர்களுக்குள் இன்னும் ஓயவில்லை.

அடுத்த திருப்பம் 2010. நோபல் பரிசு பெற்ற டேனியல் கானெமனும், பின்னாளில் அதே பரிசைப் பெற்ற ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களின் நான்கரை லட்சம் பதில்களைப் பார்த்தார்கள். ஏணிக் கேள்வியில் வருமானத்தோடு பதில் ஏறிக்கொண்டே போனது. அன்றாட உணர்வோ ஆண்டுக் குடும்ப வருமானம் சுமார் 75,000 டாலர் ஆனதும் சமதளமாகிவிட்டது. உலகம் முழுக்கப் பரவியது இந்த இரண்டாவது பாதி மட்டும்தான்.

2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் அதை மறுத்தார். வேலையில் இருக்கும் 33,391 அமெரிக்கர்களின் கைப்பேசிக்கு நாளின் வெவ்வேறு நேரங்களில் "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேள்வி அனுப்பி, 17 லட்சத்துக்கும் அதிகமான பதில்களைச் சேர்த்தார். 75,000-ல் எந்தத் தடையும் தெரியவில்லை. கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது.

அப்புறம் நடந்தது அறிவியலில் அபூர்வமாக நடப்பது. கானெமனும் கில்லிங்ஸ்வொர்த்தும், பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு, ஒரே தரவைச் சேர்ந்து அலசி 2023-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சி கூடுகிறது. மகிழ்ச்சி மிகக் குறைவாக உள்ள சுமார் 20 சதவீதத்தினருக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் வரை கூடி, அதற்கு மேல் நின்றுவிடுகிறது. 2010 ஆய்வு நேற்றைய உணர்வை ஆம், இல்லை என்ற வகையில் கேட்டிருந்தது. ஓரளவு நன்றாக இருப்பவர் எல்லாரும் "ஆம்" என்றுவிடுவதால், மிக மகிழ்ச்சியானவருக்கும் சுமாராக மகிழ்ச்சியானவருக்கும் வேறுபாடு தெரியாமல் போனது. அவர்கள் கண்ட சமதளம் உண்மையில் துயரம் குறைவதன் எல்லை. மனமுறிவு, துக்கம், தீராத மனச்சோர்வு போன்றவற்றை ஓர் அளவுக்கு மேல் பணத்தால் குறைக்க முடியவில்லை.

இங்கே கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. கோடு ஏறுவது ரூபாய்க்கு ரூபாய் அல்ல, மடங்குக்கு மடங்கு. மாத வருமானம் 10,000 ரூபாய் 20,000 ஆனால் எவ்வளவு கூடுமோ, கிட்டத்தட்ட அவ்வளவே ஒரு லட்சம் இரண்டு லட்சமானாலும் கூடும். 10,000 வாங்குபவருக்கு 5,000 சேர்ந்தால் கிடைக்கிற ஏற்றத்தை இரண்டு லட்சம் வாங்குபவர் பெற வேண்டுமானால் அவருக்கு ஒரு லட்சம் சேர வேண்டும். கட்டுரையின் கடைசிப் பகுதிகளுக்கு இந்தக் கணக்கு தேவைப்படும்.

லாட்டரிக் கதையும் இதே போல்தான். 1978-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பரிசு விழுந்த 22 பேரை ஆராய்ந்து, அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை என்றார்கள். இன்றும் மேடைதோறும் சொல்லப்படும் ஆய்வு. 22 பேர்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. சுவீடனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2020-ல் வெளியான ஆய்வில், பெரிய பரிசு விழுந்தவர்களின் வாழ்க்கை மதிப்பீடு பத்தாண்டு கடந்தும் உயர்ந்தே இருந்தது. அன்றாட மகிழ்ச்சியில் விளைவு அதைவிடச் சிறியது.

## கொடுத்தால் என்ன ஆகிறது?

2008-ல் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறிய சோதனையை வெளியிட்டார்கள். கனடாவின் வான்கூவரில் 46 பேரிடம் காலையில் ஆளுக்கொரு உறை. உள்ளே 5 டாலர் அல்லது 20 டாலர். பாதிப் பேர் மாலை ஐந்து மணிக்குள் அதைத் தங்களுக்கே செலவழிக்க வேண்டும். மீதிப் பேர் வேறு ஒருவருக்குப் பரிசாகவோ நன்கொடையாகவோ செலவழிக்க வேண்டும். யார் எந்தக் குழு என்பது குலுக்கலில் முடிவானது. மாலையில் தொலைபேசியில் கேட்டபோது, பிறருக்குச் செலவழித்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். கையில் இருந்தது 5 டாலரா 20 டாலரா என்பது வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

இன்னும் சுவையானது அடுத்தது. வேறு 109 பேரிடம் சோதனையை விவரித்து, யார் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று ஊகிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் தனக்கே செலவழிப்பவர்தான் என்றார்கள், அதிலும் 20 டாலர் கிடைத்தவர் என்றார்கள். இரண்டிலும் ஊகம் தவறிப்போனது.

குலுக்கல் ஏன் முக்கியம்? கணக்கெடுப்புகளில் கொடுப்பவர்கள் மகிழ்ச்சியாக இருப்பது சாதாரணமாகத் தெரியும். 2006 முதல் 2008 வரை 136 நாடுகளில் எடுத்த கணக்கெடுப்பில், 120 நாடுகளில் நன்கொடையும் மகிழ்ச்சியும் சேர்ந்தே காணப்பட்டன. ஆனால் மகிழ்ச்சியாக இருப்பவர்தான் கொடுக்கிறாரோ என்னவோ? கையில் மிச்சம் இருப்பதால் இரண்டும் சேர்ந்து வருகிறதோ? கணக்கெடுப்பால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. குலுக்கலில் பிரித்தால், தொடக்கத்தில் இரு குழுவும் சராசரியில் ஒன்று போலவே இருக்கும். பின்னால் வரும் வேறுபாட்டுக்குக் கொடுத்த செயலே காரணம் என்று சொல்ல முடியும்.

இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளிடமும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். குழந்தைக்குச் சில தின்பண்டங்கள் கொடுத்து, பொம்மையோடு பகிரவைத்தார்கள். வாங்கியபோது இருந்ததைவிடப் பொம்மைக்குக் கொடுத்தபோது குழந்தைகளின் முகம் அதிகம் மலர்ந்தது. ஆய்வாளர் எடுத்துத் தந்த பண்டத்தைக் கொடுத்ததைவிடத் தன் கிண்ணத்திலிருந்து கொடுத்தபோது இன்னும் அதிகம். 2012-ல் வந்த ஆய்வு இது. மதிப்பிட்டது முகபாவத்தைத்தான், குழந்தையின் மனத்துக்குள் புகுந்து பார்க்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

## இது எவ்வளவு உறுதியான முடிவு?

46 பேரை வைத்துச் செய்த சோதனையை நம்பி வாழ்க்கையை மாற்றிக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. அதுவும் உளவியலில். 2015-ல் உளவியல் ஆய்வுகள் நூற்றை மறுபடி செய்து பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றில்தான் பழைய முடிவு உறுதியாகத் திரும்ப வந்தது.

அதற்குப் பின் பழக்கமானதுதான் முன்பதிவு: சோதனைக்கு முன்பே எத்தனை பேர், எதை அளப்போம், எப்படிக் கணக்கிடுவோம் என்று எழுதிப் பதிந்துவிடுவது. முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலை வளைக்க முடியாது. டன், அக்னின், நார்ட்டன் ஆகியோரே தங்கள் கருத்தை இந்த முறையில் மறுபடி சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். 712 மாணவர்கள் ஒரு பரிசுப் பையைத் தங்களுக்கோ நோயுற்ற ஒரு குழந்தைக்கோ வாங்கினார்கள். குழந்தைக்கு வாங்கியவர்கள் கூடுதல் மகிழ்ச்சி அடைந்தார்கள். பழைய செலவு ஒன்றை நினைத்துப் பார்க்கச் சொன்ன சோதனைகளில் வேறுபாடு மிகச் சிறியதாகவே இருந்தது.

ஆக விளைவு உண்டு. எவ்வளவு பெரியது? பிறருக்கு நல்லது செய்யச் சொன்ன 27 சோதனைகளைத் தொகுத்து 4,045 பேரின் முடிவுகளை 2018-ல் கணக்கிட்டார்கள். அதை நடைமுறை மொழியில் சொன்னால் இப்படி: உதவி செய்த குழுவிலிருந்து ஒருவரையும் செய்யாத குழுவிலிருந்து ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், நூறு முறையில் சுமார் 58 முறை உதவியவர் கூடுதல் மகிழ்ச்சியோடு இருப்பார். எந்த வேறுபாடும் இல்லாவிட்டால் 50. எட்டுதான் கூடுதல். வாட்ஸாப் படம் சொல்லும் அளவுக்கு இல்லை. ஒதுக்கித் தள்ளும் அளவுக்குச் சிறியதும் இல்லை.

நம் ஊரில் இந்தப் பேச்சு எழுந்தால் பெரிய கொடையாளர்களைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஸ்ரீவைகுண்டம் கல்லூரியில் நூலகராக இருந்து, சம்பளத்தைப் பல பத்தாண்டுகள் பிறருக்கே கொடுத்துவந்த பாலம் கல்யாணசுந்தரத்துக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் வாழ்க்கை வியக்கத்தக்கது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆய்வுகள் சோதித்தது அப்படிப்பட்ட துறவை அல்ல. ஒரு காபி, ஒரு பரிசுப் பை, ஒரு மணி நேரம். இரண்டையும் போட்டுக் குழப்பினால், "அவர் மாதிரி நம்மால் முடியுமா" என்று சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட வசதியாகப் போகும்.

## ஏன் இப்படி?

முதல் காரணம், பழகிப்போதல். புதுக் கைப்பேசி தரும் சந்தோஷம் சில வாரங்களில் வடிந்துவிடும். எட் ஓ'பிரையனும் சமந்தா கஸிரரும் 96 மாணவர்களுக்கு ஐந்து நாள்கள் தினமும் 5 டாலர் கொடுத்தார்கள். அதைத் தினமும் ஒரே விதமாகச் செலவழிக்க வேண்டும். சிலர் தங்களுக்கு, சிலர் பிறருக்கு. தங்களுக்குச் செலவழித்தவர்களின் மகிழ்ச்சி நாளுக்கு நாள் இறங்கியது. பிறருக்குக் கொடுத்தவர்களிடம் அந்த இறக்கம் தெரியவில்லை. வாங்கிய பொருளை அடுத்தவர் பொருளோடு ஒப்பிடுவோம், நேற்றோடு ஒப்பிடுவோம். கொடுத்ததை அவ்வளவாக ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்பது அவர்கள் கருதும் காரணம்.

இரண்டாவது, மூளை. 2007-ல் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் 19 பெண்களுக்கு ஆளுக்கு 100 டாலர் கொடுத்து, மூளைப் படக் கருவிக்குள் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பணத்திலிருந்து ஏழைகளுக்கு உணவளிக்கும் அமைப்புக்குச் சில நேரம் வரி போலத் தானாகப் பிடித்தம்; சில நேரம் விரும்பினால் கொடுக்கலாம். விருப்பத்தோடு கொடுத்தபோது, பணம் கிடைக்கும்போது தூண்டப்படும் அதே பகுதிகள் தூண்டப்பட்டன. கட்டாயப் பிடித்தத்திலும் தூண்டல் இருந்தது, சற்றுக் குறைவாக. வரி கட்டும்போது மூளையின் ஓர் ஓரம் மகிழ்கிறது என்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பணம் எங்கே போகிறது என்று அந்தப் பெண்களுக்குக் கண் முன்னே தெரிந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

## எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது?

1. விருப்பம். நெட்டா வைன்ஸ்டைனும் ரிச்சர்ட் ரையனும் 2010-ல் வெளியிட்ட ஆய்வுகளில், தானாக முன்வந்து உதவிய நாள்களில் மட்டுமே உதவியவரின் மனநிலை உயர்ந்தது. கட்டாயத்தால், குற்ற உணர்வால், யாராவது என்ன நினைப்பார்களோ என்பதால் உதவியபோது உயரவில்லை. மனமுவந்து உதவியவரிடமிருந்து பெற்றவர்களும் கூடுதல் நிறைவடைந்தார்கள்.

2. பலன் கண்ணுக்குத் தெரிவது. மலேரியாவைத் தடுக்க 10 டாலருக்கு ஒரு கொசுவலை வாங்கித் தரும் திட்டத்துக்குக் கொடுத்தவர்கள், யுனிசெஃப் பொது நிதிக்குக் கொடுத்தவர்களைவிட அதிக மகிழ்ச்சி பெற்றார்கள். பொது நிதியும் நல்ல காரியங்களுக்குத்தான் போகிறது. ஆனால் என் பணம் என்ன ஆயிற்று என்பதைக் கற்பனை செய்ய முடிவதில்லை. நம் கோயில்களில் பிறந்தநாளுக்கு ஒரு நாள் அன்னதானச் செலவை ஏற்பவர் முகத்தில் தெரியும் நிறைவு, உண்டியலில் அதே தொகையைப் போட்டவரிடம் தெரியாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

3. முகம் பார்த்தல். பெறுபவரோடு பேச, பழக வாய்ப்பு இருந்தால் விளைவு கூடுகிறது. ஆன்லைனில் பொத்தானை அழுத்துவதில் அது குறைவு.

இந்த மூன்றையும் வைத்து மொய்விருந்தைப் பார்த்தால் ஒன்று விளங்கும். புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய்விருந்தில் ஒருவருக்கு ஊரே சேர்ந்து லட்சக்கணக்கில் கொடுக்கிறது. வெளியாள் பார்த்தால் பெரும் கொடை என்றே நினைப்பார். ஆனால் நோட்டில் பெயர் எழுதி வாங்கிய அந்தப் பணம், கொடுத்தவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்ய வேண்டியது. வட்டியில்லாக் கடன் என்ற வகையில் அருமையான ஏற்பாடு. பலருக்குத் தொழில் முதலாகவும் ஆகியிருக்கிறது. கொடையின் மகிழ்ச்சியை அதில் தேடக் கூடாது. திருப்பிச் செய்யும் காலத்தில் சிலர் வட்டிக்கு வாங்கிக் கொடுப்பதும் உண்டு.

## எதிர்த் திசையில் ஒரு சான்று

இவ்வளவையும் சொல்லிவிட்டு, 2020-ல் ஆர்மின் ஃபால்க், தாமஸ் கிரேபர் இருவரும் வெளியிட்டதை மறைப்பது நேர்மையாகாது. ஜெர்மனியில் நடந்த சோதனையில் பங்கேற்றவர்கள் முன் இரண்டு வாய்ப்புகள்: ஓர் உயிரைக் காப்பாற்றும் நன்கொடை, அல்லது தங்களுக்கு 100 யூரோ. நன்கொடை 350 யூரோ. அது இந்தியாவில் காசநோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் ஆபரேஷன் ஆஷா என்ற அமைப்புக்குப் போகும். எந்த வாய்ப்பு நிறைவேறும் என்பதில் குலுக்கலும் கலந்திருந்ததால், விளைவை நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

உடனே கேட்டபோது உயிரைக் காத்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருந்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: 100 யூரோ கிடைத்தவர்கள்தான் கூடுதல் மகிழ்ச்சி.

ஆகவே "கொடுங்கள், மகிழ்ச்சி வரும்" என்று சொல்லித் திரட்டும் நன்கொடைக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. மகிழ்ச்சி வராத மாதத்தில் கொடை நின்றுவிடும். காசநோயாளிக்கோ பெரும்பாலும் ஆறு மாதமாவது மாத்திரை தேவை. கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பது ஒரு கேள்வி, கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை முதலாவதைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

## செய்தியைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

"பணத்தில் மகிழ்ச்சி இல்லை" என்பதை ஏழைகளைப் பார்த்துச் சொல்வது முதல் சறுக்கல். மேலே பார்த்த மடங்குக் கணக்கின்படி, பணம் அதிக மகிழ்ச்சியைத் தருவது அவர்களுக்குத்தான். இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். பெயர் சொல்ல விரும்பாத செல்வந்தர்கள் கொடுத்த பணத்தில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 200 பேருக்கு ஆளுக்கு 10,000 டாலர் வழங்கப்பட்டது. ரையன் டுவையரும் எலிசபெத் டன்னும் 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். இந்தோனேசியா, பிரேசில், கென்யாவில் பெற்றவர்களின் மகிழ்ச்சி, கனடா, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் பெற்றவர்களைப் போல மூன்று மடங்கு கூடியது. பெற்றவர்கள் அந்தப் பணத்தில் சராசரியாக 6,400 டாலருக்கு மேல் பிறருக்குப் பயன்படும்படி செலவழித்தார்கள் என்பது அடுத்த ஆண்டு வந்த தகவல். அதில் சுமார் 1,700 டாலர் நன்கொடை. கையில் காசு வந்தால்தான் கொடுக்கவும் முடிகிறது.

கொடை ஒன்றே நாட்டை மகிழ்ச்சியாக்கிவிடும் என்பது இரண்டாவது. உலகக் கொடைக் குறியீடு என்று ஒன்று 2024 வரை வெளிவந்தது: கடந்த மாதம் அறியாதவருக்கு உதவினீர்களா, பணம் கொடுத்தீர்களா, தொண்டுக்கு நேரம் ஒதுக்கினீர்களா என்று மூன்று கேள்வி. இந்தோனேசியா 2024 வரை தொடர்ந்து ஏழு முறை அதில் முதலிடம். மகிழ்ச்சிப் பட்டியலில் அந்நாடு எண்பதுகளை ஒட்டி நிற்கிறது. பின்லாந்துக்காரர்களோ தனிப்பட்ட நன்கொடையில் பெயர் போனவர்கள் அல்லர். அங்கே உதவியின் பெரும்பகுதி வரி வழியாகப் போய், பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் திரும்புகிறது. 2025 மகிழ்ச்சி அறிக்கை வேறொன்றையும் காட்டியது. தொலைந்த பணப்பை திரும்பக் கிடைக்கும் என்று மக்கள் எதிர்பார்ப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு அதிகமாகத் திரும்பக் கிடைக்கிறது. அப்படிக் கிடைக்கும் என்று நம்பி வாழ்பவர்கள் மகிழ்ச்சியாகவும் இருக்கிறார்கள். தான் கொடுப்பதைப் போலவே, சுற்றியிருப்பவர் நல்லவர் என்ற நம்பிக்கையும் கணக்கில் வருகிறது.

மூன்றாவது, பெறுபவரை மறந்துவிடுவது. உதவி பெறுவது தன்மதிப்பைக் காயப்படுத்தக்கூடும் என்பதை ஜெஃப்ரி ஃபிஷர், ஏரி நாட்லர் போன்றோர் 1980-களிலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். திருப்பிச் செய்ய வழியில்லாத உதவியும், ஊர் பார்க்கக் கொடுக்கும் உதவியும் அதிகம் உறுத்தும். வெள்ள நிவாரணப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்குபவரையும் கேமராவைப் பார்க்கச் சொல்லும் பழக்கத்தில், கொடுப்பவரின் மகிழ்ச்சிக்கு விலை கொடுப்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

## பராமரிப்பாளர்கள்

கடைசியாக, இந்த ஆய்வுகளால் அதிகம் தவறாக நடத்தப்படுபவர்கள். 2003-ல் ஸ்டெஃபனி பிரவுன் குழுவினர் 423 முதிய தம்பதிகளை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்ததில், மற்றவருக்கு உதவியவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. "உதவினால் ஆயுள் கூடும்" என்று இதைச் சுருக்கி, படுக்கையில் கிடக்கும் மாமியாரை இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளிடம் சொல்லிவிடுகிறோம்.

அவருக்குப் பொருந்தும் ஆய்வு வேறு. 1995-ல் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோய் வந்த உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களையும், அதே வயதும் வசதியும் உள்ள வேறு 13 பெண்களையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் கையில் ஒரே அளவில் மிகச் சிறிய காயம். மற்றவர்களுக்குச் சுமார் 39 நாளில் ஆறியது. பராமரித்தவர்களுக்கு ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. சிறிய ஆய்வுதான். ஆனால் நாள்பட்ட மன அழுத்தம் உடலைக் குலைக்கிறது என்பதற்குப் பின்னால் வந்த சான்றுகள் ஏராளம்.

மேலே சொன்ன நிபந்தனைகளை இங்கே பொருத்திப் பாருங்கள். மருமகளுக்கு விருப்பம் என்ற வாய்ப்பே இல்லை; மறுத்தால் பழி. பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. எவ்வளவு பார்த்தாலும் நோய் முற்றிக்கொண்டுதான் போகும். முகம் பார்த்தல் மட்டும் உண்டு, அதுவும் அந்த முகம் தன்னை அடையாளம் கண்டுகொள்ளாத நாள் வரை. அதே வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து, "நான் ரெண்டு மணி நேரம் பார்த்துக்கிறேன், நீ போய்த் தூங்கு" என்கிற பக்கத்து வீட்டு அக்காவுக்கோ மூன்றும் இருக்கின்றன. அவராக வந்தார், யாருக்கு என்று தெரிகிறது, தூங்கி எழுந்தவளின் முகத்திலேயே பலன் தெரிகிறது. செய்கிற வேலை இருவருக்கும் ஒன்றுதான்: கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, போர்வை மாற்றுவது.